முதுகு, கழுத்து, முட்டி வலி: கைரோபிராக்டிக், பிசியோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லில் 17 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். முதுகெலும்பைக் கையால் அசைத்துவிடும் முறைக்கும் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன். காலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டறையில் குனிந்தே பூட்டு செய்பவர்கள், தையல் மெஷினில் உட்கார்பவர்கள், பஸ் ஓட்டுபவர்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் கபடி, வாலிபால், கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள். வேலை வேறு, வயது வேறு, ஆனால் கேட்கிற கேள்விகள் ஒன்றேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன? ரீல்ஸில் 'டப் டப்' என்று முறிக்கிறார்களே, அதுவா?

அதுவும்தான். ரீல்ஸில் மைக்கை முதுகுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கிறார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஒரு மூட்டு எவ்வளவு தூரம் திரும்புமோ அவ்வளவு திருப்பி, அந்த எல்லையில் சட்டென்று ஒரு சின்ன உந்து கொடுப்பதுதான் இதன் முக்கியமான உத்தி. 1895-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி. டி. பால்மர் தொடங்கியது இது. அவர் காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டுக்குக் காது சரியாகக் கேட்காது. அவர் முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஓர் எலும்பைத் தள்ளியதும் காது கேட்டது என்பது பால்மர் சொன்ன கதை. காது நரம்பு மூளையிலிருந்து நேராகக் காதுக்குப் போகிறது, முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் அதைக் கதையாகவே வைத்திருக்கிறேன். எல்லா நோய்க்கும் முதுகெலும்பு விலகல்தான் மூலம் என்ற அவருடைய கொள்கையையும் அப்படித்தான்.

பெயர் கிரேக்கம், 'கையால் செய்வது' என்று பொருள். நம் ஊரில் கைவைத்தியம் என்றால் சுக்குக் கஷாயம், அவர்கள் ஊரில் இது. இன்று படித்துவிட்டு வரும் கைரோபிராக்டர்களில் பலர் அந்தப் பழைய கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு, முதுகு வலி, கழுத்து வலி மட்டும் பார்க்கிறார்கள், கூடவே பயிற்சியும் சொல்லித்தருகிறார்கள். அவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சத்தம் வந்தால் விலகின எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. எலும்பு உண்மையிலேயே விலகியிருந்தால் நீங்கள் நடந்து வந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. இரண்டு எலும்பு முனைகளையும் சட்டென்று பிரிக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்தத் திரவத்தில் ஒரு வாயுக்குமிழி உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒருவர் விரலை எம்ஆர்ஐ மெஷினுக்குள் வைத்து இழுத்து, சொடக்கு விழும் அந்தக் கணத்தையே படம் பிடித்தார்கள். ஒரு தரம் சொடக்கு விழுந்த விரலில் உடனே மறுபடி விழாது, சுமார் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். இப்போதே உங்கள் விரலில் செய்து பாருங்கள். எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் என்றால் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் உங்கள் விரல் விலகுகிறதா என்ன?

இதோடு ஒட்டி வரும் கேள்வி: நெட்டி முறித்தால் பிற்காலத்தில் மூட்டு தேயுமா? டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது வருடத்துக்கு மேல் இடது கை விரல்களில் மட்டும் சொடக்கு எடுத்துவந்தார், வலது கையை விட்டுவிட்டார். கடைசியில் இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. இதற்கு 2009-இல் இக் நோபல் என்ற கேலி விருதும் வாங்கினார். ஒற்றை ஆள் சோதனை பெரிய ஆதாரம் ஆகாதுதான், ஆனாலும் பாட்டியிடம் திட்டு வாங்குகிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் ஆச்சு.

அப்படியென்றால் முறித்த உடனே வலி குறைகிறதே, அது பொய்யா?

பொய் இல்லை. அந்த உந்து மூட்டைச் சுற்றியுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. இறுகிக் கிடந்த தசை கொஞ்ச நேரம் தளர்கிறது, மூளை வலியைச் சற்றுக் குறைத்துக் காட்டுகிறது. நல்லபடியாகத் தொட்டுப் பார்த்தார்கள் என்ற நிம்மதியும் அதில் சேரும். சிலருக்கு அது சில மணி நேரம் நிற்கும், சிலருக்கு ஓரிரு நாள்.

அந்த நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வலி குறைந்த அந்த இடைவெளியில் குனிந்து நிமிர்ந்து பழகி, கொஞ்சம் எடை தூக்கிப் பழகினால் முதுகு பலப்படும். வலி போச்சு என்று பழையபடி ஸ்டூலில் பத்து மணி நேரம் குனிந்திருந்தால் அடுத்த வாரம் அதே மேசையில் அதே வலியோடு படுப்பீர்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு, முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை பயிற்சி போன்ற மற்ற நல்ல சிகிச்சைகளுக்குச் சமமாக வேலை செய்கிறது, அதைவிட மேலாக இல்லை என்பதுதான் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. இங்கிலாந்தின் 2016 வழிகாட்டுதல் இன்னும் கறாராக, பயிற்சியோடு சேர்த்துத்தான் கைச் சிகிச்சை தரலாம், அதை மட்டும் தனியாகத் தரக் கூடாது என்கிறது. நானும் அந்தக் கட்சி.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி விடுகிறார்கள். நல்லா இருக்கு. செய்துகொள்ளலாமா?

வேண்டாம். தலையில் எண்ணெய் வைத்துத் தட்டட்டும், தோளைப் பிடித்துவிடட்டும், கழுத்தைத் திருப்ப மட்டும் விடாதீர்கள்.

கழுத்தெலும்பின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஏறுகின்றன. மேல் கழுத்தில் அவை வளைந்து போகும் இடத்தில் வேகமாகத் திருகினால், அபூர்வமாக, உள்சுவர் கிழிந்து ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் திரும்பப் பெற முடியாதது. டெல்லியில் ஒருவருக்கு சலூனில் கழுத்தை முறித்துவிட்ட பிறகு மூச்சு இழுக்க உதவும் உதரவிதானத் தசைக்குப் போகும் நரம்பு செயலிழந்து மூச்சுக்கே திணறிப்போனார் என்று 2017-இல் செய்தி வந்தது.

படித்தவர் செய்தாலும் கழுத்துக்கு நான் அந்த வேகமான திருப்பலைப் பயன்படுத்துவதில்லை. மெதுவாக அசைப்பதிலும் பயிற்சியிலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும்போது எதற்கு அந்த ஆபத்து? என்னோடு படித்த சிலர் இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். சரி, அது அவரவர் முடிவு.

எம்ஆர்ஐ-யில் 'டிஸ்க் பல்ஜ்', 'எலும்பு தேய்மானம்' என்று வந்திருக்கிறது. ஆபரேஷன்தானா?

ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கல்யாண ஜாதகம் மாதிரி நீட்டுவார்கள். முகம் வெளிறியிருக்கும். முந்தின நாள் வரைக்கும் சைக்கிளில் வந்த ஆள், ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு ஆட்டோவில் வருவார்.

2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு) தேய்மானம், 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கம், அதாவது 'பல்ஜ்'. 80 வயதில் தேய்மானம் 96 சதவீதம், பிதுக்கம் 84 சதவீதம். அதாவது அதில் பெரும்பகுதி தலை நரைப்பது மாதிரி. நரைக்காக யாரும் ஆபரேஷன் செய்துகொள்வதில்லை.

அதற்காக எம்ஆர்ஐ வீண் என்று சொல்ல வரவில்லை. காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ, அடுத்த கேள்வியில் உள்ள அறிகுறிகள் இருந்தாலோ அது கட்டாயம் வேண்டும். வெறும் இடுப்பு வலிக்கு முதல் வாரத்திலேயே எடுத்தால் பெரும்பாலும் பயம்தான் மிச்சம்.

எப்போது பிசியோ, கைரோ, சுளுக்கு வழிப்பவர் யாரிடமும் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

இதை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தெரியாமலே கசிந்தாலோ, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ அன்றைக்கே போக வேண்டும், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. கீழே விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் முதுகு வலி, படுத்தாலும் விடாமல் இரவெல்லாம் குடையும் வலி இவையும் டாக்டர் பார்த்த பிறகுதான் என்னிடம் வர வேண்டும். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்தவர்கள் முதுகில் யாரும் ஓங்கி அழுத்தக் கூடாது, எலும்பு நொறுங்கலாம்.

நம் நாட்டில் இன்னொன்று உண்டு, முதுகெலும்புக் காசநோய். சில வருடம் முன்பு 58 வயது அம்மா ஒருவர் 'மூச்சுப்பிடிப்பு தம்பி' என்று வந்தார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் எண்ணெய் போட்டு வழித்துவிட்டிருந்தார்கள். ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று தொங்கியது. 'புதுசா தச்சீங்களா?' என்று கேட்டேன். 'இல்ல, போன தீபாவளிக்குத் தச்சது' என்றார். ஆறு மாதத்தில் அவ்வளவு இளைத்திருக்கிறார். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்பது கேட்ட பிறகுதான் வந்தது. நான் கையே வைக்கவில்லை, டாக்டரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் இரண்டு எலும்புகள் அரித்துப்போயிருந்தன. மருந்து சாப்பிட்டுக் குணமாகி, ஒரு வருடம் கழித்துத்தான் பயிற்சிக்கு வந்தார்.

மகன் வேகப்பந்து வீசுகிறான், 16 வயது. இடுப்பில் ஒரு பக்கம் வலி. ஒரு முறி முறித்தால் சரியாகுமா?

முறிக்காதீர்கள். வளரும் வயதில் வேகப்பந்து வீசும் பையனுக்கு, பின்னால் வளையும்போது, அதுவும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம், இடுப்பு வலித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எலும்பில் அழுத்தக் கீறல். வலது கைப் பந்துவீச்சாளருக்கு இடது பக்கம். பந்தை விடும் கணத்தில் உடம்பு பின்னாலும் பக்கவாட்டிலும் சேர்ந்தே வளைகிறது, மொத்தப் பாரமும் முதுகெலும்பின் பின்புறத்தில் ஒரு மெல்லிய வளைவில் இறங்குகிறது. கம்பியை மடக்கி மடக்கி நீட்டினால் ஒரு நாள் முறிகிற மாதிரிதான்.

ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019-இல் வந்தது கீழ் முதுகில் இந்த அழுத்தக் கீறல்தான். 2022-இல் மறுபடி முதுகு பிரச்சினை தர, 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஆகஸ்டில்தான் அயர்லாந்தில் மறுபடி பந்து வீசினார். அவ்வளவு வசதியுள்ள அணியின் ஆட்டக்காரருக்கே அத்தனை மாதம். உங்கள் பையனுக்கு 'அடுத்த ஞாயிறு டோர்னமென்ட்' என்று கோச் அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள். மூன்று மாதமோ அதற்கு மேலோ பந்து வீசாமல் இருந்து, முதுகையும் இடுப்பையும் பலப்படுத்தி, பிறகு வாரத்துக்கு இத்தனை பந்து என்று எண்ணிக் கூட்ட வேண்டும். எண்ணுவது முக்கியம். பள்ளி டீம், கிளப், தெரு மேட்ச் மூன்றிலும் வீசுகிற பையனுக்கு மொத்தம் எத்தனை பந்து என்று யாருக்குமே தெரியாது.

ஓடும்போது குதிகாலுக்கு மேலே நாண் வலிக்கிறது. ஓய்வெடுத்தால் போகிறது, ஓடினால் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

எனக்கு ரொம்பப் பிடித்த கதை இதற்குத்தான் இருக்கிறது. சுவீடனில் உமியோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன். அவரும் ஓட்டக்காரர், அவருக்கும் இதே குதிகால் நாண் வலி (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டும் நார்தான் நாண்). ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டார். நீ லீவு போட்டால் வேலை கெடும் என்று அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்துபோனால் செய்துதானே ஆக வேண்டும் என்று இவர் வேண்டுமென்றே அதற்குப் பாரம் ஏற்றினார். அது அறுவதற்குப் பதில் வலிதான் போனது.

1998-இல் அதையே 15 ஓட்டக்காரர்களுக்குச் செய்து பார்த்து வெளியிட்டார். பன்னிரண்டு வாரத்தில் பதினைந்து பேரும் ஓடத் திரும்பினார்கள்.

செய்முறை இது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் படும்படி நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல காலால் எம்பி மேலே வாருங்கள். இப்போது பாரத்தை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகால் படிக்குக் கீழே இறங்கும்வரை மெதுவாக, மூன்று எண்ணிக்கையில் இறக்குங்கள். மறுபடி நல்ல காலால் ஏறுங்கள். முட்டியை நீட்டியபடி 15 தரம் மூன்று சுற்று, முட்டியைச் சற்று மடக்கியபடி 15 தரம் மூன்று சுற்று. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. கூட்டிப் பார்த்தால் நாளைக்கு 180. சுலபமானால் முதுகில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு செய்யுங்கள். வலி குதிகால் எலும்பிலேயே ஒட்டி இருந்தால் படிக்குக் கீழே இறக்காமல் தரையளவோடு நிறுத்துங்கள்.

முதல் இரண்டு வாரம் என்னைத் திட்டுவீர்கள். நாண் ரப்பர் பேண்டு மாதிரி இல்லை, பாரம் ஏற ஏறத்தான் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும். ஓய்வில் வலி போகும், பலம் வராது. ஓடினால் திரும்ப வருவது அதனால்தான்.

பயிற்சி செய்யும்போதே வலிக்கிறதே, நிறுத்தட்டுமா?

பத்துக்கு மூன்று என்கிற அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருந்தால் தொடருங்கள். ஏறியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், முழுவதும் நிறுத்தாதீர்கள். வீக்கம் வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள்.

கபடியில் முட்டி திரும்பிவிட்டது. ஜவ்வு கிழிந்து ஆபரேஷனும் ஆச்சு. ஐந்து மாதமாச்சு, வலியே இல்லை. ஆடலாமா?

கூடாது. வலி இல்லாததும் முட்டி தயாராவதும் ஒன்றல்ல. புதிதாக வைத்த நார் உடம்போடு ஒன்றி உறுதிப்பட நிறைய மாதம் ஆகும், அந்தச் சமயத்தில் வலியே இருக்காது, அதுதான் வம்பு. ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுபடி முட்டி காயப்படும் வாய்ப்பு பாதியாகக் குறைந்ததை 2016-இல் நார்வே ஆய்வு ஒன்று காட்டியது.

என் மையத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு ரெய்டர் பையன் இதே கேள்வியோடு நின்றான். ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னேன். நல்ல காலில் 152 சென்டிமீட்டர், ஆபரேஷன் ஆன காலில் 118. அதுவும் தரையில் ஊன்றும்போது முட்டி உள்பக்கமாக மடங்கியது, அதைப் போனில் எடுத்துக் காட்டியதும் பேச்சு நின்றுபோனது. நல்ல காலில் 78 சதவீதத்தை வைத்துக்கொண்டு, கபடிக்கு விரிக்கும் ரப்பர் பாய் மேல் ஷூ போட்டு ஆடினால் என்ன ஆகும்? மண் தரையிலாவது கால் சறுக்கித் தப்பிக்கும், பாய் கவ்விப் பிடிக்கும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. 90 சதவீதத்தைத் தாண்டினால்தான் விடுவேன் என்றேன். பத்தாவது மாதம் 145 தாண்டினான்.

சுளுக்குக்கு ஐஸா, வெந்நீரா, வழித்துவிடலாமா?

ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் சொல்லிப் பிரபலமாக்கிய கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவரே 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதிவிட்டார். முதல் நாள் வலிக்குப் பத்து நிமிடம் ஐஸ் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. இரண்டு மூன்று நாள் கட்டுப் போட்டுக்கொண்டு, தாங்குகிற அளவு நடக்கத் தொடங்குங்கள். நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுங்கள்.

புதிதாக வீங்கிய கணுக்காலை எண்ணெய் போட்டு வழிப்பதுதான் நான் பார்த்த பெரிய கெடுதல். கிழிந்த இடத்தை மேலும் கிழிக்கிற வேலை அது. இரட்டைப் பிள்ளை பெற்றவர் கையால் நீவினால் போகும், காலால் பிறந்தவர் முதுகில் மிதித்தால் போகும் என்றெல்லாம் எங்கள் பக்கம் சொல்வார்கள். முதுகுப் பிடிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே குறையும், பேர் அவர்களுக்குப் போய்விடும். எனக்கும் அப்படி நிறைய பேர் கிடைத்திருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது.

இடுப்பு பெல்ட், கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட், இடுப்பை இழுத்துவிடும் இழுவை?

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நீங்கள் கேட்ட நான்கையுமே வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. பயிற்சி, வலி பற்றிய விளக்கம், முதுகெலும்பைக் கையால் அசைப்பது போன்றவற்றைத் தரலாம் என்கிறது. என்னிடமும் இந்த மெஷின்கள் இருக்கின்றன. 'கரண்ட் வைக்காம அனுப்பிட்டாரு' என்று மனக்குறையோடு போகிறவர்களுக்காக ஒன்று இன்னும் மூலையில் கிடக்கிறது.

கைரோபிராக்டரிடம் போவதா, பிசியோவிடமா, வர்ம ஆசானிடமா?

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தால் எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கூசாமல் கேளுங்கள். வெளிநாட்டில் முழுநேரமாகப் படித்துப் பட்டம் வாங்கியவரும் இருக்கிறார், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் இருக்கிறார். பிசியோதெரபி 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்குள் வருகிறது. சித்த மருத்துவத்தில் தொக்கணமும் (உடம்பைப் பிடித்துவிடும் முறை) வர்மமும் பட்டப்படிப்பின் பாடங்கள், பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போவதில் எனக்கு ஆட்சேபமில்லை.

யாரிடம் போனாலும் முதல் நாள் உங்களைக் குனியவைத்து, நடக்கவைத்து, காலில் உணர்ச்சி பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உட்கார்ந்த உடனே கழுத்தைப் பிடித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை சிட்டிங் ஆகும்? 30 சிட்டிங் பேக்கேஜ் எடுத்தால் தள்ளுபடி என்கிறார்களே?

முதல் நாளே முப்பது என்று எப்படித் தெரியும்? சாதாரண இடுப்பு வலிக்கு நான்கிலிருந்து ஆறு முறை பார்த்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் நான் செய்வது தப்பாக இருக்கலாம், வேறு ஆளைப் பாருங்கள் என்று நானே சொல்லிவிடுவேன். முட்டி ஆபரேஷன் வேறு கணக்கு, அதற்கு மாதக்கணக்கு. ஆனால் அதிலும் வாரம் ஒரு முறை என்னிடம் வந்தால் போதும், மற்ற நாள் வீட்டில் நீங்களே செய்ய வேண்டியதுதான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். கிளினிக்குக் கூட்டிவர முடியாது. என்ன வழி?

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, காசு கிடையாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். அவர்கள் வரும் நாளில் வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று, கையை எப்படிப் பிடிக்கிறார்கள், எந்தப் பக்கம் புரட்டுகிறார்கள் என்று போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர்கள் வரும்வரை அதைப் பார்த்து நீங்கள்தான் செய்ய வேண்டும்.